பூம்புகாருக்கும் நாகைக்கும் நடுவே ஒரு வாத்தியார் மரபு

(காரைக்கால்மேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பௌத்தத் தத்துவமும் பாடம் சொல்லும் கலையும்' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். இது காரைக்கால் அம்மையார் பிறந்த மண். மேற்கே நாலு கல் போனால் திருநள்ளாறு. இங்கே வந்து ஒருவன் புத்தரைப் பற்றிப் பேசுகிறானே, அதுவும் தத்துவம் பேசுகிறானே என்று தோன்றலாம். தோன்றட்டும். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கடற்கரையில் வாழ்ந்த பௌத்தம் வாத்தியார்களின் பௌத்தம். பெரிய நூல்களைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று மூளையைக் கசக்கிய மனிதர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

வடக்கே பூம்புகார். தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். நடுவில் நாம். நாகை என்றால் சூடாமணி விகாரம் எல்லோருக்கும் தெரியும். ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்த செப்பேடு பின்னாளில் ஹாலந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீவிஜய அரசன் கட்டியது, சோழன் ஊர் கொடுத்தது, கடைசியாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்தது, இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ராஜாக்கள் கட்டிய கட்டடத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு ஆளைச் சொல்கிறேன். பெயர் புத்ததத்தர். உறையூர்க்காரர். ஐந்தாம் நூற்றாண்டு. அவரைப் பற்றி பாலி மரபில் ஒரு கதை உண்டு. கடலோடிகளான உங்களுக்குப் பிடிக்கும். புத்ததத்தர் இலங்கைக்குப் போய் மகாவிகாரத்தில் படித்துவிட்டுக் கப்பலில் சோழநாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். எதிரே இன்னொரு கப்பல் இலங்கை நோக்கிப் போகிறது. அதில் இருப்பவர் புத்தகோசர். சிங்களத்தில் இருந்த உரைகளையெல்லாம் பாலியில் எழுதுவதற்காகப் போகிறார். நடுக்கடலில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். புத்ததத்தர் சொல்கிறாராம்: நீங்கள் உரை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், நான் அதைச் சுருக்கித் தருகிறேன். நடந்ததோ இல்லையோ, கதை அவருடைய தொழிலைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஒருவர் விரித்து எழுதப் போகிறார். இன்னொருவர் அதைச் சுருக்குவதற்குக் காத்திருக்கிறார்.

சுருக்குவது என்றால் நோட்ஸ் போடுவது இல்லை. பிக்குகளின் ஒழுக்க விதிகள் அடங்கிய வினய பிடகத்தின் உரையை எடுத்தால் மலை போலக் கிடக்கும். அதை ஒரு இளம் பிக்கு மனப்பாடம் செய்யும்படி செய்யுளாகக் கட்டினார், அதுதான் வினயவினிச்சயம். அபிதம்மத்துக்கு அதே வேலையை அபிதம்மாவதாரத்தில் செய்தார், 24 அத்தியாயங்களில். 'அவதாரம்' என்று பெயர் வைத்ததே உள்ளே இறங்குவதற்கு ஒரு படித்துறை வேண்டும் என்பதால்தான். ஒரு நூலைப் பூதமங்கலத்தில் எழுதினேன், ஒன்றைக் காவிரிப்பூம்பட்டினத்தில் எழுதினேன் என்று அவரே குறித்திருக்கிறார். சுமதி கேட்டார், புத்தசிங்கர் கேட்டார், அதனால் எழுதினேன் என்று கேட்டவர்களின் பெயரையும் சொல்கிறார். அரசன் பெயரும் வருகிறது, களப்பிரன் அச்சுதன். ஆனால் நூல் பிறந்தது மாணவன் கேட்டதால்.

இன்னொரு செய்தி. அவர் தங்கி எழுதிய விகாரங்களைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? ஒருவர் பெயர் கண்ணதாசர், மற்றவர் விண்டுதாசர். கண்ணனின் தாசர், விஷ்ணுவின் தாசர். திருமால் பெயர் கொண்டவர்கள் பணம் போட்டுப் புத்த விகாரம் கட்டியிருக்கிறார்கள். மதம் என்றாலே கோடு கிழித்து நிற்பது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே போல ஒரு ஏற்பாடு இந்தக் காவிரிப் படுகையில் பதினான்கு நூற்றாண்டு கழித்தும் நடந்தது. அதற்கு வருகிறேன்.

நாகையில் தம்மபாலர். நெட்டிப்பகரணம் என்று ஒரு பாலி நூல் உண்டு. புத்தரின் ஒரு சொற்பொழிவை எடுத்துக்கொண்டு ஆசிரியன் அதை எப்படிப் பிரித்து விளக்க வேண்டும் என்று சொல்லும் நூல் அது. பதினாறு வழிகள், ஐந்து நயங்கள் என்று வகுக்கும். இன்றைய பி.எட். பாடத்திட்டத்தில் கற்பித்தல் முறை என்று ஒரு தாள் இருக்கிறதல்லவா, அதற்குக் கொள்ளுப்பாட்டன். அந்த நூலுக்குத் தம்மபாலர் உரை எழுதிய இடம் நாகப்பட்டினத்துத் தர்மாசோக விகாரம். வடக்கே பாடநூல் எழுதியவர், தெற்கே பாடம் சொல்வது எப்படி என்று எழுதியவர். நடுவில் இருந்த கடற்கரை ஊர்களில் இந்த நூல்களைச் சுமந்துகொண்டு பிக்குகள் நடந்திருப்பார்கள், தோணியில் போயிருப்பார்கள். காரைக்காலும் சாதாரணத் துறைமுகம் இல்லை. அம்மையாரின் கணவர் பரமதத்தன் மரக்கலம் ஏறிப் போன வணிகர்தானே. பௌத்தம் வணிகர்களோடுதான் கடல் கடந்தது.

சரி, நம் ஊர்ப் பக்கத்தில் நேரடியாக ஏதாவது உண்டா? உண்டு, ஆனால் அது தோல்வியின் கதையாகத்தான் கிடைக்கிறது. சேக்கிழார் எழுதியிருக்கிறார். திருஞானசம்பந்தர் திருத்தெளிச்சேரியை வணங்கிவிட்டுப் போதிமங்கை என்ற ஊரின் வழியாகப் போகிறார். திருத்தெளிச்சேரி என்பது இதோ, காரைக்கால் கோயில்பத்து. போதிமங்கையில் புத்தநந்தி வழிமறிக்கிறார். சம்பந்தருடன் வந்த சம்பந்தசரணாலயர் ஒரு பதிக வாக்கைச் சொல்ல, இடி விழுந்து புத்தநந்தியின் தலை துண்டாகிறது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். சாரிபுத்தன் என்ற பௌத்தர் வந்து, மந்திரம் வேண்டாம், வாதம் செய்வோம் என்கிறார். மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். உடலும் உள்ளமுமான கந்தங்கள் ஐந்தும் அவிந்து முத்தியடைந்துவிட்ட புத்தருக்கு நீங்கள் செய்யும் பூசையை ஏற்றுக்கொள்வது யார் என்று கேள்வி எழுகிறது. சேக்கிழார் சைவர்; பௌத்தர் தோற்றார் என்றுதான் முடிப்பார், முடிக்கவும் செய்தார். ஆனாலும் எதிராளியின் கொள்கையைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சைவப் பெரும்புலவருக்குப் பௌத்தத்தின் நுணுக்கமான சிக்கல் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஆள் இல்லாமல் போனார்கள். 1476-இல் பர்மாவில் பெகு அரசன் வெட்டிய கல்யாணி கல்வெட்டில், கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினத்துக்கு நடந்து வந்து பழைய விகாரம் இருந்த இடத்தில் புத்தரை வணங்கிய செய்தி வருகிறது. வணங்க ஒரு சிலை மிச்சம் இருந்தது. பாடம் சொல்ல யாராவது இருந்தார்களா என்று கல்வெட்டு பேசவில்லை.

இப்போது 1880-க்கு வாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேருகிறார். திருவாவடுதுறை மடத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது சைன சமயச் சொற்கள் புரியவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்துச் சைனர்கள் வீட்டுக்குப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பரம்பரை பரம்பரையாகப் படித்தவர்கள், வீட்டிலேயே ஏடு வைத்திருந்தவர்கள், கேட்டதும் விடை சொன்னார்கள். சிந்தாமணி 1887-இல் வந்தது.

அடுத்துப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை. மூலத்தை மயிலை சண்முகம் பிள்ளை ஏற்கெனவே அச்சிட்டிருந்தார், உரை இல்லை. இங்கேதான் ஐயருக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கவில்லை. சைனருக்குச் சைனர் வீடு இருந்தது. பௌத்தருக்கு எந்த வீட்டுக்குப் போவது? சோழநாடு முழுக்கத் தேடினாலும் ஒரு பௌத்தக் குடும்பம் கிடையாது. அதே கல்லூரியில் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார்தான் கை கொடுத்தார். அவர் வைணவர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராகவும் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் இருந்தவர், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவர், மகாவீரரின் கணித நூலை மொழிபெயர்த்தவர். ஐரோப்பியர்கள் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்களைத் தானே தேடிப் படித்து, ஐயருக்குத் தமிழில் சொன்னார். ஐயர் அதைக் கேட்டுக்கொண்டு வீரசோழிய உரை, நீலகேசி உரை, சிவஞானசித்தியார் பரபக்க உரை ஆகியவற்றில் சிதறிக் கிடந்த செய்திகளோடு ஒட்டிப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். காவிரிக் கரையில் எழுதப்பட்ட சரக்கு இலங்கைக்குப் போய், பர்மா போய், ஐரோப்பியர் கையில் ஏறி, லண்டனில் அச்சாகி, ஒரு வைணவர் வாய் வழியாகத் தமிழாகி, சைவ மடத்தில் படித்த ஸ்மார்த்தப் பிராமணர் காதில் விழுகிறது. அந்த நாளில் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. பௌத்த வரலாற்றைப் பற்றி ஐரோப்பாவில் வந்த முதல் பெரிய நூல் பிரெஞ்சில்தான் வந்தது, பாரிஸில் 1844-இல், இயூஜின் பர்னூஃப் எழுதியது. இங்கே பிரெஞ்சு படித்த பிள்ளை ஒருவன் அதை எடுத்திருந்தால் ஐயருக்கு ஐம்பது வருஷம் முன்பே வேலை தொடங்கியிருக்கும். சும்மா ஒரு ஆசைக்குச் சொல்கிறேன்.

மணிமேகலைப் பதிப்பு 1898-இல் வந்தது. பாடத்தையும் அரும்பதவுரையையும் மட்டும் போட்டு ஐயர் நிறுத்தவில்லை. புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று மூன்று பகுதிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். வாசகனுக்கும் வாத்தியார் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் புத்தகத்தையே வாத்தியாராக்கினார். புத்ததத்தர் செய்த வேலைதான் அது.

இனி மணிமேகலைக்கு உள்ளே வருவோம். நான் மாணவனாக இருந்தபோது பாடம் எடுத்த ஒருவர், 29-ஆம் காதை வந்ததும் 'இது தர்க்கம், பரீட்சைக்கு வராது' என்று மொத்தமாகப் புரட்டிவிட்டார். அட்சய பாத்திரம் வரை கதை, அதற்குப் பிறகு அறுவை என்பது அவர் கணக்கு. இன்றும் பலருக்கு அதே கணக்குத்தான். என் பார்வையில் காப்பியமே அந்தக் காதைக்காகத்தான் எழுதப்பட்டது.

காப்பியத்தில் வரும் பௌத்தத் துறவி அறவண அடிகள் பாடம் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். இளம்பெண் மணிமேகலை பூம்புகாரில் அவர் காலில் விழுகிறாள்.  நல்ல வாத்தியார் இல்லையென்றால் உடனே நான்கு வாய்மை, எட்டு வழி என்று தொடங்கியிருப்பார். அடிகள் தொடங்கவில்லை. ஆபுத்திரன் கதையைச் சொல்கிறார். அமுதசுரபி என்ற அந்த அட்சய பாத்திரத்தின் பெருமையைச் சொல்லி அனுப்புகிறார். அவள் போய்ப் பசித்தவனுக்குச் சோறு போடுகிறாள். சிறைச்சாலைக்குள் போய் அதை அறச்சாலையாக்குகிறாள். அதற்குப் பிறகு வஞ்சிக்குப் போய் மற்ற சமயத்தாரெல்லாம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறாள். இளம்பெண்ணுக்கு அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் துறவி வேடத்தில் போகிறாள். 27-ஆம் காதை முழுக்க அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசையாகப் பேசுகிறார்கள். எல்லாம் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வந்தபிறகுதான் 29-இல் தர்க்கம். அதற்கும் பிறகுதான், கடைசி 30-ஆம் காதையில், பன்னிரு சார்பும் நான்கு வாய்மையும்.

கதை, வேலை, பயணம், எதிர்க்கட்சியின் பேச்சு, தர்க்கம், கொள்கை. இந்த வரிசையில் கொள்கை கடைசியில் இருக்கிறது. எதிராளி சொல்வதைக் கேட்காதவளுக்கு என் கொள்கையைச் சொல்ல மாட்டேன் என்கிற துணிச்சல் அந்த ஆசிரியனுக்கு இருந்திருக்கிறது. அமெரிக்காவில் பவுலா ரிச்மன் என்பவர் மணிமேகலையின் கிளைக்கதைகளை வைத்தே 1988-இல் ஒரு நூல் எழுதினார். நாம் கதையை விட்டு விலகிப் போகிறது என்று குறை சொல்கிற அந்தக் கிளைக்கதைகள்தாம் பாடம் சொல்லும் கருவி என்று காட்டினார். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து 2019-இல் மறைந்த ஆன் மோனியஸ், மணிமேகலையையும் வீரசோழியத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பௌத்தர்கள் எப்படிப்பட்ட வாசகர்களாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2001-இல் வந்தது. இரண்டே நூல்கள் கிடைத்ததால் ஆய்வு செய்ய முடியாது என்று அவர் சொல்லவில்லை.

29-ஆம் காதை கடினம் என்கிறார்களே, அதை இங்கேயே கொஞ்சம் பார்த்துவிடலாமா? பத்து நிமிஷம் போதும். பயப்பட வேண்டாம்.

நாம் ஒன்றை அறிவதற்குக் காண்டல், கருதல் என்று இரண்டு வழிதான் உண்டு. நேரில் பார்ப்பது ஒன்று, பார்த்ததை வைத்து ஊகிப்பது மற்றொன்று. ஊகத்துக்கு மூன்று உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம். பக்கம் என்பது நான் நிரூபிக்க வந்தது. ஏது என்பது காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு சொல்வார்கள், அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகள் ஒதுக்கிவிடுகிறார். நூலில் புகையும் நெருப்பும் வரும், ஒலியும் குடமும் வரும். நாம் கடலுக்குப் போவோம்.

படகில் போகிறீர்கள். தூரத்தில் ஆலாப் பறவைகள் வட்டமிட்டுத் தண்ணீரில் பாய்கின்றன. 'அங்கே மீன் கூட்டம் நிற்கிறது' என்கிறார் முன்னணியத்தில் இருப்பவர். அது பக்கம். 'ஆலா பாய்கிறதே' என்பது ஏது. 'முந்தாநாள் வலை விட்டோமே, அந்த இடம் மாதிரி' என்பது திட்டாந்தம். சரியான வாதமா? அடிகளிடம் கேட்டால் மூன்று சோதனை வைப்பார். ஒன்று, ஏது பேசுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதாவது அங்கே பறவை நிஜமாகவே பாய வேண்டும். கண் கூசியதில் தெரிந்ததாக இருக்கக்கூடாது. இரண்டு, அது போன்ற இடங்களில், சபக்கத்தில், ஏது இருந்திருக்க வேண்டும். மீன் நின்ற இடத்தில் பறவை பாய்ந்ததை முன்பு பார்த்திருக்கிறோம், சரி. மூன்றாவது சோதனையில்தான் ஆள் மாட்டுவான். விபக்கத்தில், அதாவது மீன் கூட்டம் இல்லாத இடத்தில், ஏது இருக்கவே கூடாது. இங்கே இருக்கிறது. விசைப்படகுக்காரன் கழிவு மீனை அள்ளிக் கடலில் கொட்டினாலும் ஆலா பாயும். ஆக, பறவை பாய்வது மீன் கூட்டத்துக்கு நம்பகமான ஏது இல்லை. இரண்டு பக்கமும் ஓடுகிற ஏது. இதற்கு அநைகாந்திகம் என்று பெயர். 'பக்கத்தில் படகு எதுவும் இல்லாமல் ஆலா பாய்கிறது' என்று ஏதுவைத் திருத்தினால் வாதம் தேறும் வாய்ப்பு உண்டு.

இதைச் சட்டமாக்கி உலகத்துக்குத் தந்தவர் திங்நாகர். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. ஏது சபக்கத்தில் முழுக்க இருக்கிறதா, கொஞ்சம் இருக்கிறதா, இல்லவே இல்லையா; விபக்கத்தில் எப்படி? மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் போட்டுவிட்டார். பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போடுவது போல. ஒன்பதில் இரண்டு மட்டும் சரியான ஏது, இரண்டு நேர் எதிரானது, ஐந்து முடிவு சொல்லாதது. சீனாவிலும் ஜப்பானிலும் திபெத்திலும் பிக்குகள் இந்தக் கட்டத்தை மனப்பாடம் செய்தார்கள். திபெத்திய மடங்களில் இன்றும் கைதட்டிக் கைதட்டி வாதிக்கிறார்கள். மணிமேகலை ஆசிரியர் திங்நாகருக்கு முந்தியவரா, பிந்தியவரா என்று நம் ஊர் அறிஞர்கள் பெரிய சண்டை போட்டார்கள். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் முந்தியவர் என்றார், குப்புசாமி சாஸ்திரியார் பிந்தியவர் என்றார். எனக்குப் பிந்தியவர் என்றே படுகிறது. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நஷ்டம் ஆகிவிட்டது. காலத்தைப் பற்றியே பேசிப் பேசி, பாடத்தை யாரும் வகுப்பில் எடுக்கவில்லை.

பின்னால் வந்தவர்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் லட்சுமி நரசு சென்னையில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர்; 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அம்பேத்கர் அதை 1948-இல் தம் முன்னுரையோடு மறுபடி கொண்டுவந்தார். அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, 1907 முதல் பத்திரிகை நடத்தி, கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களுக்குப் பௌத்தம் சொன்னார். அவர் சொன்ன வரலாற்றில் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் வாசகர்களைத் திரட்டிய விதத்தை மறுக்கவும் மாட்டேன். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளிக்கூட ஆசிரியர். பல்கலைக்கழகப் பதவி கிடையாது. 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். இன்றுவரை அந்தத் துறைக்கு வாசல் அதுதான். சோ.ந. கந்தசாமி மணிமேகலையின் பௌத்தத்தை ஆராய்ந்த நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1978-இல் வெளியிட்டது; பிறகு இந்தியத் தத்துவக் களஞ்சியத்தைத் தமிழிலேயே மூன்று பெரிய தொகுதிகளாகத் தந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலையில் இருந்துகொண்டே பா. ஜம்புலிங்கம் சோழநாட்டு வயல் வரப்புகளில் கிடந்த புத்தர் சிலைகளைத் தேடி அலைந்தார். அதற்கு முனைவர் பட்டமும் பெற்றார். இயற்பியல் வாத்தியார், பத்திரிகைக்காரர், பள்ளி ஆசிரியர், அலுவலகப் பணியாளர். பௌத்தத் துறை என்று பலகை மாட்டிய அறைக்குள் உட்கார்ந்து செய்தவர்கள் இதில் மிகக் குறைவு.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசைப்பட்டால் தமிழ் மட்டும் போதாது. பாலி கொஞ்சம் வேண்டும், சமஸ்கிருதம் கொஞ்சம் வேண்டும், ஆங்கிலம் நன்றாக வேண்டும். இருபது வயதில் தொடங்கினால் எட்டிவிடும் தூரம்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கின்றன. இரண்டும் 1955 முதல் அங்கே செயல்படுகின்றன, நூலகம் அருமையானது. நம் காரைக்கால் அம்மையாரின் பாடல்களைக் காராவேலன் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1956-இல் வெளியிட்டதும் அந்தப் பிரெஞ்சு நிறுவனம்தான். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்று. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ குளம் வெட்டும்போதோ சம்மணமிட்டு உட்கார்ந்த கற்சிலையோ செம்புச் சிலையோ கிடைத்தால் கழுவி, விபூதி பூசி வேறு பெயர் வைத்துவிடாதீர்கள்; விற்றும் விடாதீர்கள். தாசில்தாருக்குச் சொல்லுங்கள். நாகையில் 1856 முதல் முந்நூறுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகள் அப்படித்தான் மண்ணிலிருந்து வந்தன. அவற்றில் பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைக்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, கடைசியாக உங்களிடம்தான் கேட்கிறேன். அறிஞர் அண்ணா கல்லூரியிலும் அவ்வையார் மகளிர் கல்லூரியிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பலர் கடலோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பறவையையும் வைத்து ஊகம் செய்வது அவர்கள் வீட்டில் தினசரி நடக்கிற காரியம். மணிமேகலை மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த ஆண்டு மணிமேகலை பாடம் வரும்போது 29-ஆம் காதையைப் புரட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு வகுப்பு எடுங்கள். ஏதுவுக்கு உதாரணம் கேளுங்கள், பிள்ளைகள் சொல்வார்கள்.